ஜூனிபர் தெருவில் குடியிருந்தவள்

அமெரிக்காவை விட்டு மெக்சிகோவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் லொரெட்டாவும் செய்தாள். அமெரிக்காவிலேயே டேட்டன் நகரில் இருக்கும் தங்கை க்வென் வீட்டு முகவரியைத் தன் முகவரியாகக் கொடுத்துவிட்டு மெரிடாவுக்கு வந்தாள். யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று கணக்கெழுதி கிரெடிட் ரிப்போர்ட் போடும் மகராசன்களுக்கு வெளிநாட்டு முகவரி என்றால் ஆகாது. உள்ளூர் முகவரி இல்லாதவள் அவர்களுக்கு ஆளே இல்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டியே முழங்கால் தேய்ந்துபோனவள். தனியாக இருந்தது போதும், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று, தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே லிஃப்ட் உள்ள குடியிருப்பில் ஒரு வீடு வாடகைக்குக் கேட்டிருந்தாள். "ரிப்போர்ட்ல உங்க முகவரி ஒத்துப்போகல. சரிபண்ணிட்டு வாங்க, அதுவரைக்கும் வீட்ட வச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தார் குடியிருப்பின் மேலாளர்.

இன்று ஒரு போனில் ரிப்போர்ட்காரர்களைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். காதில் வைத்த இன்னொரு போனில் க்வென். ஆபீஸ் விஷயம் என்றால் தங்கையும் கூடவே இருக்க வேண்டும் அவளுக்கு. பாவி, அப்படி ஒரு நம்பிக்கை!

"நீங்கதானான்னு பாக்க ஒரு கேள்வி, மேடம்" என்றாள் ரிப்போர்ட் ஆபீஸ் பெண். "எல்ம்ஹில், கார்வர், ஜூனிபர், லேக்வியூ. இதுல எந்தத் தெருவுல குடியிருந்தீங்க? எதுலயும் இல்லன்னா அதையே சொல்லலாம்."

லொரெட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சம்பந்தமில்லாத தெருவாகப் போட்டுக் குழப்புவது இவர்கள் வழக்கம்தானே. "எதுலயுமே..." என்று ஆரம்பித்தாள்.

"ஜூனிபர்னு சொல்லுக்கா!" என்று கத்தினாள் க்வென்.

லொரெட்டா முதல் போனைக் கையால் பொத்தினாள். "என்னடி உளர்ற? நான் எப்படி அங்க இருந்தேன்?"

"சொல்லித் தொலையேன். அப்பத்தான் விடுவாங்க."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன்" என்று மழுப்பினாள் க்வென். போன கோடையில் க்வென்னின் மகன் கர்ட்டிஸ் வீடு வாங்கினான், எந்தத் தெரு என்று மட்டும் இவளிடம் யாரும் சொன்னதில்லை. சொந்த முயற்சியில் வாங்கினான் என்று பெரியம்மாக்காரி மெரிடா முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தாளே!

"கர்ட்டிஸ் வீடா?"

"அவனுக்கு எவன்க்கா கடன் குடுப்பான்? டிவோர்ஸுக்கப்புறம் என் பேரும் நாறிப்போச்சு. உன் பேரு இங்க சும்மாத்தானே கெடந்துச்சு. அதுல வாங்குனோம், அந்த வீட்டு முகவரியும் உன் ரிப்போர்ட்ல ஏறிடுச்சு."

சும்மா கிடந்ததாம்! விடியாத பனியில் பேருந்தைக் கிளப்பி, ஒரு தவணை தவறாமல் கட்டிக்கட்டிச் சேர்த்த பேர் அது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி?"

"கேட்டா மாட்டேன்னிருப்ப."

லொரெட்டா மாட்டேன் என்றிருக்க மாட்டாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"ஜூனிபர்னு சொல்லிடுக்கா" என்று கெஞ்சினாள் க்வென். "உனக்கும் வீடு கெடைக்கும், எம் புள்ளையும் தப்பிச்சுக்குவான்."

லொரெட்டா கையை எடுத்தாள். "எதுலயும் இல்லம்மா. ஜூனிபர் தெருவ நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல. என்னக் கேக்காம எந் தங்கச்சி எம் பேர்ல கடன் வாங்கியிருக்கா."

தங்கை அழும் சத்தம் கேட்டது.

"புகார் எடுத்துக்கறேன், மேடம். ஆனா பேப்பரெல்லாம் தபால்லதான் வரும், வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டோம். இங்க நீங்க நம்பற யாராவது ஒருத்தர் முகவரி சொல்லுங்க."

லொரெட்டா வாயைத் திறந்தாள். பழக்கதோஷம், நாக்கு நுனியில் வந்து நின்றது க்வென் வீட்டு முகவரிதான். அதைத் தவிர வேறொன்றும் அவளுக்கு மனப்பாடம் இல்லை.

"அப்படி யாரும் இல்லம்மா" என்றாள்.