இடப்பக்கம் இழுக்கும் துப்பாக்கி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் வெண்டல், ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். நூறு கஜ தூரத்தில் வைத்த குறிப்பலகையைச் சுட்டால் குண்டு எப்போதும் ஒரு சாண் இடப்பக்கமாகவே போனது.

“துப்பாக்கிமேல பழி போடாதீங்க, கண்ணாடிய மாத்துங்க,” என்று சிரித்தாள் சுடும் திடலுக்குக் கூட வந்திருந்த மனைவி இர்மா.

ஏன் இப்படி என்று தெரியாமல் வெண்டலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திடலிலேயே உட்கார்ந்து, துப்பாக்கியின் மரப்பிடிக்கு அடியில் இருந்த தகட்டைக் கழற்றினார். உள்ளே சுருட்டிவைத்த காகிதம் ஒன்று இருந்தது. “இது இடப்பக்கம் இழுக்கிறது. சார்ஜென்ட் நம்பவில்லை, என் கண்ணைத்தான் திட்டுகிறார்” என்று யாரோ ஒரு சிப்பாய் பென்சிலால் எழுதியிருந்தான்.

இர்மா அதை இரண்டு முறை படித்தாள். துப்பாக்கியை வாங்கி, ஒரு சாண் வலப்பக்கம் குறிவைத்துச் சுட்டாள். நடுவட்டத்தில் ஓட்டை விழுந்தது.

“பாவங்க, அவன் நெசத்தத்தான் சொல்லியிருக்கான்,” என்றாள்.