ஆள் இல்லாத வால்வு

அந்த இதய வால்வைப் பதினொரு வாரமாகப் பொத்திப் பொத்தி வளர்த்தவள் ஆய்வுக்கூடத்துக்காரி. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் தோலிலிருந்து எடுத்த செல்கள்; அவளுக்கே பொருத்துவதற்காக. ஒருநாள் விட்டு ஒருநாள் ஊட்டநீர் மாற்ற வேண்டும். லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. செவ்வாயன்றே வால்வு தயார். ஆனால் ஓர் ஓரம் மெலிந்திருப்பதாக அவளுக்குப் பட்டது. ‘இன்னும் நாலு நாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விதிப்படி சரிதான். வெள்ளிக்கிழமை சிறுமி போய்விட்டாள். விதியைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா?

இப்போது மேஜையைச் சுற்றி ஆளாளுக்கு ஒரு நியாயம். ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் நாளைக்கு நூறு குழந்தைகள் பிழைக்கும் என்றார் டாக்டர். வளர்த்த முறை எங்களுடையது, வால்வும் எங்களுக்குத்தான் என்றார் கம்பெனிக்காரர். நெறிமுறைக் குழுத் தலைவி ஒப்புதல் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குழந்தை இறந்துவிட்டால் வால்வை என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கடைசியில் எல்லோரும் சிறுமியின் அப்பா பக்கம் திரும்பினார்கள். பஸ் ஓட்டுகிறவர், யூனிஃபார்மோடு வந்திருந்தார். கொடுப்பதா, அழிப்பதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

“ஒரு தடவ பாக்கலாமா?”

ஆய்வுக்கூடத்துக்காரி அவரை மட்டும் உள்ளே அழைத்துப்போனாள். கண்ணாடிக் குழாய்க்குள் மோதிரம் அளவு வெள்ளை வளையம். மூன்று இதழ்கள் திறந்து திறந்து மூடின.

“உசிரு இருக்காம்மா?”

“இருக்குங்க.” அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. “செவ்வாய்க்கிழமையே குடுத்திருக்கலாம். நாந்தான் நிறுத்தி வெச்சேன்.”

அவர் குழாயின் பக்கம் குனிந்தார். “அவளுக்கு நல்லதா அமையணும்னுதானேம்மா வெச்சீங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“அழிக்கிறதுன்னா எப்படி?”

“ஊட்டநீர நிறுத்திடுவோம். ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும்.”

“அய்யோ, அது வேணாம்மா. அவ பசி தாங்கமாட்டா.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “டாக்டரே எடுத்துக்கட்டும். அங்கயும் யாராச்சும் இப்படி வேளாவேளைக்குப் பாத்துப்பாங்கல்ல?”

ஆராய்ச்சி என்றால் முதல் நாளே அதை இழுத்துக் கிழித்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அதற்கான இயந்திரத்தைத் தினமும் துடைத்து வைப்பவளே அவள்தான். சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பாத்துப்பாங்க,” என்றாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.