படித்தறிந்தோர் கையெழுத்து

ஒருவன் வாயால் சொன்னதை நம்பி நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால், அந்த நம்பிக்கைக்கு எந்தச் சந்தையிலும் விலை கட்ட முடியாது. தனக்கோடி வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகத்தில் மட்டும் அதற்கு விலை இருந்தது. பை-டூ காபியில் பாதி. ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுக்கும் பெங்களூர் வழக்கப்படி, செய்தி கேட்பவருக்கு ஒரு பாதி, செய்தி கொண்டு வரும் அட்டெண்டர் தனக்கோடிக்கு ஒரு பாதி. பத்தொன்பது வருஷமாக அந்த விலை ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

ரிஜிஸ்ட்ரார் ஆபீஸிலிருந்து ஏதாவது அறிவிப்பு வந்தால் சூப்பிரண்டு கோவிந்தப்பா அதைச் சர்க்குலர் புத்தகத்தின் இடது பக்கத்தில் ஒட்டுவார். வலது பக்கத்தில் ஊழியர்களின் பெயர்ப் பட்டியல். அதன் தலையில் ‘படித்தறிந்தோர் கையெழுத்து’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்கும். முதல் பெயர் லைப்ரேரியன் சந்திரசேகரன். நாற்பத்து மூன்றாவது தனக்கோடி. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவது அவன் வேலை.

படித்தறிவது என்பது அச்சிட்டவரின் ஆசை. நாள் முழுக்க லட்சம் புத்தகத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அரைப் பக்கச் சர்க்குலரைக் கண்டால் கசப்பு. “ஏன்பா, என்ன சமாச்சாரம்?” என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் திறப்பார்கள். “டி.ஏ. ஏறிடுச்சு சார்” என்பான். “வியாழக்கிழமை தண்ணி வராது, பாட்டில் எடுத்தாந்துடுங்க.” “பரீட்சை செக்‌ஷன் நரசையா போயிட்டாரு. மூணு மணிக்கு ரெண்டு நிமிஷம் நிக்கணுமாம்.” அவ்வளவுதான். கையெழுத்து விழுந்துவிடும்.

இதில் ஒரு சங்கதி. தனக்கோடி கண்டோன்மென்ட் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவன். கன்னடத்தில் பஸ் போர்டு படிப்பான். ஆங்கிலத்தில் எண்கள் தெரியும். சரக்கு அவனுடையதல்ல, டைப்பிஸ்ட் மமதா மொத்தமாகக் கொடுப்பாள், இவன் சில்லறையாக விற்பான். காலையில் அவள் ஒரு வரியில் சொல்வதை நாற்பத்து மூன்றாகப் பிரித்து நாற்பத்து மூன்று பேருக்கும் முழுசாகக் கொடுப்பது அவன் சாமர்த்தியம்.

பட்டியலில் பெயர் இல்லாத ஒருத்திக்கு மட்டும் அவன் செய்தியைக் கொசுறாகக் கொடுத்து வந்தான். அவள் சரசு. பின்கட்டில் பைண்டிங் பிரிவில் பிய்ந்த புத்தகத்துக்குப் பசை தடவி முதுகு ஒட்டுகிறவள். தொம்மலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. காலண்டரில் சிவப்பு எழுத்து விழுந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. தசரா வரும் மாதம் ஊருக்கெல்லாம் பண்டிகை, அவளுக்குப் பஞ்சம். தினமும் பதினோரு மணிக்குத் தனக்கோடிக்கும் அவளுக்கும் ஒரு பை-டூ. அவன் முறை ஒரு நாள், அவள் முறை ஒரு நாள்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஜூலை மாதம். மமதா தம்பி கல்யாணத்துக்குத் துமகூரு போய்விட்டாள், பத்து நாள் லீவு. போன நாலாவது நாளே ஆங்கிலத்தில் ஒரு சர்க்குலர் வந்தது. கோவிந்தப்பா ஒட்டிக் கொடுத்துவிட்டு, “சீக்கிரம் முடிச்சுக் கொண்டு வா, ஆடிட் இருக்கு” என்று பைலுக்குள் தலையைவிட்டுக்கொண்டார். அவரிடம் என்ன விஷயம் என்று கேட்டால், பத்தொன்பது வருஷமாக யார் சொல்லித் தந்தார்கள் என்ற விஷயமும் கூடவே வெளியே வந்துவிடும். தனக்கோடி கேட்கவில்லை.

ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தான். சர்க்குலர்களை அவற்றின் முகத்தை வைத்தே அவன் அடையாளம் சொல்வான். நாலு வரி என்றால் சாவு, அல்லது லீவு. எண்கள் நிறைய என்றால் சம்பள விஷயம். இதில் கீழே கட்டம் போட்ட ஒரு பாரம், வலது மூலையில் போட்டோ ஒட்டச் சின்னச் சதுரம். போன மாதம் ஐடி கார்டுக்கு வந்த அதே முகம். அப்பாடா என்றிருந்தது.

“ஐடி கார்டு ரிமைண்டர் மேடம்” என்றான் கேட்டலாக் பிரிவு அலர்மேல்மங்கையிடம். மல்லேஸ்வரத்துக்காரர், புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். “போட்டோ குடுத்தவங்க சும்மா கையெழுத்து போட்டா போதும்.”

“நான் அன்னிக்கே குடுத்தாச்சே” என்று சொல்லிப் பச்சை மையில் போட்டார். எல்லோரும் அன்றைக்கே கொடுத்தவர்கள்தான். மத்தியானத்துக்குள் நாற்பத்து மூன்றும் விழுந்தது. கடைசிப் பெயருக்கு நேரே, தமிழில், ‘தனக்கோடி’.

பதினோரு மணிக் காபிக்கு அவன் பைண்டிங் பிரிவில் உட்கார்ந்தபோது புத்தகம் பக்கத்தில் விரித்தபடி கிடந்தது.

“என்னண்ணா இன்னிக்கி நியூஸு?” என்றாள் சரசு.

“உனக்கு ஒண்ணுமில்லம்மா. ஐடி கார்டு. பர்மனென்ட் ஆளுங்களுக்கு.”

“எனக்கெதுக்கு கார்டு? கேட்டுல வாட்ச்மேனு, பசை வாசனைய வெச்சே உள்ள உட்டுடறான்.” சிரித்துக்கொண்டே ஈர டம்ளரைக் கைக்கு எட்டிய இடத்தில் வைத்தாள். சர்க்குலரின் நட்ட நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது.

“ஐயோ, கோவிந்தப்பா சார் என்ன உரிச்சிடுவாரு!”

“உரிச்சா கொண்டாண்ணா, நான் பைண்டு பண்ணித் தரேன்.”

அடுத்த வாரம் திங்கட்கிழமை தாவரவியல் துறைத் தோட்டக்காரன் நாணு ஒரு மைசூர் பாக் டப்பாவோடு பைண்டிங் பிரிவுக்கு வந்தான். அவனும் தினக்கூலி, சரசு வேலைக்குச் சேர்ந்த வருஷமே சேர்ந்தவன்.

“அக்கா, வாயைத் தொற. இண்டர்வியூ லெட்டர் வந்தாச்சு. பர்மனென்ட்டு! உனக்கும் வந்திருக்குமே?”

“எனக்கு எவன்டா லெட்டர் போடறான்?”

“அப்ளிகேஷன் குடுத்தல்ல? டெய்லி வேஜஸ், பத்து வருஷம் முடிச்சவங்க…” நாணுவின் கை டப்பாமேல் நின்றுவிட்டது. “உங்க லைப்ரரிக்கு சர்க்குலர் வரலியா?”

சரசு, மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்த தனக்கோடியைப் பார்த்தாள். அவன் டம்ளரைக் கீழே வைத்தது அவனுக்கே தெரியாது.

லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்த மமதாவின் மேசையில் புத்தகத்தை விரித்துக் காபி வட்டத்தைக் காட்டினான். “இதப் படிம்மா.” அவள் படித்துத் தமிழில் சொன்னாள். பத்து வருஷம் தொடர்ந்து வேலை செய்த தினக்கூலி ஊழியர்களை நிரந்தரமாக்க இந்த ஒரு தடவை மட்டும் வாய்ப்பு. கீழ்க்கண்ட பாரத்தை நிரப்பிப் பதினேழாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். அதற்குப் பின் வருவது எக்காரணத்தாலும் ஏற்கப்படாது. துறைத் தலைவர்கள் இதைச் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிவித்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அன்று தேதி இருபது.

“யாருக்கும் சொல்லலியா?” என்றாள் மமதா.

“எல்லாருக்கும் சொன்னேன்” என்றான் தனக்கோடி.

அவனும் சரசுவும் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றார்கள். உள்ளே இருந்த கிளார்க் நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களால் ஆகிற காரியம் எவ்வளவோ அவ்வளவு சொன்னார். “நோடி, இங்க பாருங்க, தேதி முடிஞ்சுபோச்சு. ஒண்ணு செய்யுங்க. ‘எங்க டிபார்ட்மென்ட்ல இந்த சர்க்குலர் யாருக்கும் தெரிவிக்கப்படல’ன்னு உங்க லைப்ரேரியன்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. சாயங்காலம் கடைசி லிஸ்ட் மேல போகுது. அதுக்குள்ள வந்தா சேத்துடறேன்.”

சரசுவுக்கு உயிர் வந்தது. “அவ்ளோதானாண்ணா? நெசம்தானே, யாருக்கும் தெரியலியே. எழுதிக் குடுக்கச் சொல்லு.”

தனக்கோடி ஓட்டமும் நடையுமாக வந்து கோவிந்தப்பா எதிரே நின்றான். விஷயத்தைச் சொன்னான். அவர் புத்தகத்தைத் திருப்பி வைத்து, வலது பக்கத்தில் விரலை வைத்தார்.

“இது யாரு கையெழுத்து?”

“லைப்ரேரியன் சார்து.”

“நாற்பத்து மூணு பேரு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதா இதுல இருக்கு. முதல் ஆளே அவரு. அவர்கிட்ட போயி, யாருக்கும் தெரியாதுன்னு எழுதுங்க சார்னு நான் கேக்கணும். ஹௌதா, அப்படித்தானே?”

“நான் காட்டவே இல்லன்னு எழுதித் தரேன் சார். தப்பு என் மேல. புக்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்னு…”

“அப்ப இந்தக் கையெழுத்தெல்லாம் லிங்கராஜபுரத்துல உன் வீட்டுக்கு வந்து போட்டாங்களா?” கோவிந்தப்பா சிரிக்கவில்லை. “உன்னை சஸ்பெண்ட் பண்ணுவாங்க. அவளுக்கு வேலை குடுக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் நஷ்டம். எதுக்குப்பா?”

“நீங்க ஒட்டும்போது படிச்சீங்களா சார்?”

சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. “தலைப்பு பார்த்தேன். இவ்வளவு பேரு பார்க்கறாங்க, யாராவது அவகிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்.”

தனக்கோடி அலர்மேல்மங்கையிடம் போனான். படிக்காமல் போட்டதாக ஒரே ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும், அதை வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்றான். அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார்.

“தனக்கோடி, எனக்கு நிஜமாவே கஷ்டமா இருக்கு. ஆனா நான் படிக்காம கையெழுத்து போட்டேன்னு நானே எழுதித் தரணுமா? அடுத்த மாசம் என் பிரமோஷன் பைல் போறது. நீ ஐடி கார்டுன்னு சொன்னே, நம்பினேன். அது என் தப்பா?”

இல்லை. அதுதான் கஷ்டம். இன்னும் ஆறு மேசை ஏறி இறங்கினான். ஆறு பேரும் வருத்தப்பட்டார்கள். ஒருவர் சரசுவுக்காகக் கண் கலங்கினார். ஒருவர்கூடப் பேனாவைத் திறக்கவில்லை. எதை நீட்டினாலும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற மனிதர்கள், முதன்முறையாக, எழுத்துக் கூட்டி யோசித்தார்கள். நாலரைக்கு லைப்ரேரியன் கார் வெளியே போனது. ஐந்துக்கு ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் ஜன்னல் சாத்தியது.

புத்தகத்தோடு பைண்டிங் பிரிவுக்கு வந்தான். சரசு பசைக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவனாகச் சொல்ல ஆரம்பித்தான்: மமதா லீவு, கட்டம் போட்ட பாரம், போட்டோ சதுரம், தனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது. கடைசிச் செய்தியை அவன் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

“அதான் தெரியுமே” என்றாள் சரசு.

“என்ன தெரியும்?”

“உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு. ஒரு தடவ சர்க்குலரத் தலகீழா புடிச்சிக்கிட்டு, ‘சனிக்கிழமை அரை நாள்’னு சொன்ன. நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா யாராச்சும் படிச்சிருப்பாங்க, இல்லண்ணா?”

அவன் தலையை ஆட்டினான்.

“திட்டேன் சரசு. நாலு வார்த்த திட்டிடு.”

“திட்டி? நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு யாரோட காபி குடிக்கறது? நாளைக்கு உன் முறை.” கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “அத இப்படிக் குடு. என்னப் பத்தி என்னதான் எழுதியிருக்காங்கன்னு பாக்கறேன்.”

அவளுக்கும் ஆங்கிலம் தெரியாது. பார்த்தாள். காபி வட்டத்தின் மேல் விரலை ஒரு சுற்றுச் சுற்றினாள். “இது என் டம்ளர்.” பிறகு வலது பக்கம் வந்து, பெயர்களை மேலிருந்து கீழாக விரலால் தள்ளிக்கொண்டே போய், தனக்கோடிக்குக் கீழே இருந்த வெற்று இடத்தில் நிறுத்தினாள்.

“படிச்சவங்க, தெரிஞ்சிக்கிட்டவங்க போடற எடம்தானே இது?”

“ஆமா. ஆனா…”

“இப்ப எனக்குத் தெரியும் இல்ல? பேனா குடுண்ணா.”

அவன் கொடுத்தான். வேறென்ன கொடுக்க முடியும்? அவள் குனிந்து, பசை காய்ந்த விரல்களால், ஒவ்வொரு எழுத்தாக ‘அ.சரசு’ என்று எழுதி, பக்கத்தில் 20-7-98 என்று தேதியும் போட்டாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடினாள்.

மாதக் கடைசியில் கோவிந்தப்பா சர்க்குலர் புத்தகத்தை ஆடிட்டுக்காகக் கணக்குப் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் பெயர் எத்தனை, கையெழுத்து எத்தனை, பாக்கி எத்தனை என்று எழுதுவது வழக்கம். காபி வட்டம் இருந்த சர்க்குலரின் கையெழுத்துகளை இரண்டு தடவை எண்ணினார். எதிரே நின்ற தனக்கோடியை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு கையெழுத்தை அடிக்க வேண்டுமானால் லைப்ரேரியன் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதிகமாக வந்துவிட்டதை எழுத அந்தக் கணக்கில் இடம் கிடையாது. இருந்த இடத்தில் எழுதினார்:

பெயர் 43. கையெழுத்து 44. பாக்கி இல்லை.