முப்பத்தாறு மணி நேரம்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் உச்சாணி என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளில் இறக்குகிற கிரேன் அவளுடையது. துறைமுகத்துக்குச் சொந்தமானதுதான், ஆனால் அதை யாராவது அவளிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். கீழே நின்று வயர்லெஸ்ஸில் அவளுக்கு அளவு சொல்கிறவர் கூடப்பிறந்த அண்ணன். "ரெண்டு மீட்டர் இறக்கு" என்று அவர் சொன்னால், "ரெண்டு மீட்டர் இறக்குறேன்" என்று இவள் திருப்பிச் சொன்ன பிறகுதான் பெட்டி அசையும். ஆட்களின் தலைக்கு மேல் முப்பது டன் தொங்கும்போது, காதில் சரியாகத்தான் விழுந்திருக்கும் என்று நம்பி எதையும் செய்ய முடியாது.

இருபத்தொன்பது வயதில் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. கட்டியை எடுத்தாயிற்று, அடுத்தது கீமோ. டாக்டர் ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்து, அதை ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்றார். அந்த மருந்து கருமுட்டைகளையும் சேர்த்து அழித்துவிடலாம் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். நடுவில் பதினைந்து நாள் இருந்தது. விருப்பமிருந்தால் அதற்குள் முட்டைகளை வளரவைத்து, எடுத்து, உறைய வைத்துக்கொள்ளலாமாம்.

முதலில் உயிர் பிழைக்கிற வழியைப் பார் என்று சொல்லாத ஆளில்லை. கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் குழந்தைக்கு என்ன அவசரம் என்று கேட்டவர்களும் உண்டு. பேசுகிற வாய்க்கு என்ன, வாடகையா கொடுக்கிறார்கள்? அவள் அண்ணனிடம் மட்டும் பதில் சொன்னாள்.

"குழந்தை வேணுமா வேணாமான்னு எனக்கே தெரியலண்ணா. ஆனா வேணாம்னா அதை நான் சொல்லணும். இந்த வியாதி சொல்லக் கூடாது."

தினமும் சாயங்காலம் வயிற்றில் ஊசி போட வேண்டும். அவளுக்கோ ஊசி என்றால் குலைநடுங்கும். அண்ணி, யாரும் கேட்காமலே, அவள் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை, கை ஆடாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு குழந்தைக்காக மூன்று வருஷம் இதே மாதிரி ஊசிகளைத் தன் வயிற்றில் குத்திக்கொண்டவள் அவள். ஒன்றும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

நாத்தனாருக்கும் அண்ணிக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம். குழாயைச் சரியாக மூடாதது யார், துண்டை ஈரத்தோடு நாற்காலியில் போட்டது யார் என்று எட்டு வருஷமாக நடக்கிற வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. ஊசி விஷயத்தில் மட்டும் உச்சாணி துறைமுகச் சட்டத்தைக் கொண்டுவந்தாள். அண்ணி மருந்தின் பெயரையும் அளவையும் சொல்ல வேண்டும், இவள் டாக்டர் சீட்டைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஊசி. நான் என்ன கப்பலில் சரக்கா ஏற்றுகிறேன் என்று அண்ணி முனகினாள். முனகிக்கொண்டே ஒரு நாள் தவறாமல் சொன்னாள்.

ஊசிகளால் சூலகங்கள் வீங்கியிருப்பதால் ஏணி ஏறக் கூடாது என்று முட்டை எடுக்கப்போகிற டாக்டர் தடை போட்டிருந்தார். பத்து நாள் தரையிலேயே கிடந்ததில் உச்சாணிக்குச் சுள்ளென்று கோபம் வர ஆரம்பித்தது. வியாழக்கிழமை மதியம் தண்ணீர் வாளியைத் தூக்கப் போனவளை அண்ணி தடுத்தாள். இதெல்லாம் நானும் பட்டவள்தான், எனக்குத் தெரியும் என்றாள்.

"பட்டு என்ன கிடைச்சுது உங்களுக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வார்த்தை போய்விட்டது. அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் கடைசி ஊசி, முட்டைகளை முற்றவைக்கிற ஊசி. அது இல்லாவிட்டால் பத்து நாள் பாடும் வீண். சரியாக ஆறரைக்குப் போட வேண்டும், முப்பத்தாறு மணி நேரம் கழித்து, சனிக்கிழமை காலை ஆறரைக்கு, முட்டைகளை எடுப்பார்கள். அண்ணி வந்தாள், குத்தினாள், பெட்டியைப் பழக்கத்தில் மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள். அவளும் எதையும் சொல்லவில்லை, இவளும் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ரோஷம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அண்ணி கட்டிலருகே வந்து நின்றாள். உள்ளங்கையில் மூடி பிரிக்காத சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று, அதற்குள் வெள்ளைப் பொடி.

"நேத்து போட்டது வெறும் தண்ணி. மருந்து இதுல இருக்கு. பெட்டிக்குள்ள அட்டைக்கு அடியில இருந்திருக்கு, நான் பார்க்கல. இப்ப பெட்டியைத் தூக்கிப் போட எடுத்தப்பத்தான் கண்ணுல பட்டுது."

முந்தைய ஊசிகளெல்லாம் தயாராகக் கலந்தே வந்தவை. அண்ணியின் காலத்தில் இந்தக் கடைசி ஊசியை மருத்துவமனையிலேயே நர்ஸ் போட்டுவிடுவாள். பொடியையும் தண்ணீரையும் கலக்கிற வேலை அவள் கைக்கு வந்ததே இல்லை.

பொய் சொல்வானேன், உச்சாணிக்கு முதலில் வந்தது கொலைவெறிதான். வீடு இடிந்து விழுகிற மாதிரி கத்த வாயைத் திறந்தாள். அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தாள். அந்தக் குப்பியைக் குப்பையில் போட்டுவிட்டு அண்ணி சும்மா இருந்திருக்கலாம். சனிக்கிழமை ஒன்றும் கிடைக்காமல் போயிருந்தால், நோய்ப்பட்ட உடம்பு, அவ்வளவுதான் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. திறந்த வாயை மூடிக்கொண்டு அவள் ஃபோனை எடுத்தாள்.

முட்டை எடுக்கிற மருத்துவமனையின் அவசர எண்ணில் கிடைத்த நர்ஸ் டாக்டரையே இணைத்துவிட்டாள். குப்பி பிரிக்காமல் குளிரில் இருந்ததா என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். மருந்துக் கடையில் ஊசிக்கான தண்ணீர் வாங்கி இப்போதே கலந்து போடலாம் என்றார். ஆனால் ஏழு மணிக்குப் போட்டால் முப்பத்தாறு மணி நேரம் சனிக்கிழமை ராத்திரி ஏழுக்குத்தான் முடியும். அவருடைய ஆபரேஷன் தியேட்டரைச் சனிக்கிழமை இரண்டு மணிக்கே பூட்டிவிடுவார்கள், மயக்க மருந்து டாக்டரும் இருக்க மாட்டார். ஞாயிறு வரை காத்திருந்தால் முட்டைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். திங்கட்கிழமை கீமோ.

உச்சாணி எழுந்து உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை. கூண்டில் உட்கார்ந்து பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"கப்பல் எங்க நேரத்துக்கு வராது டாக்டர். அது வர்ற நேரத்துக்கு நாங்கதான் போய் நிப்போம். நாளைக்கு ஏழு மணிக்கு என் கப்பல் வருது. நீங்க நிப்பீங்களா?"

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டர், ஆட்களைக் கூப்பிடுவது தன் பாடு, ஊசி ஏழுக்கு ஒரு நிமிஷம் முன்பின் இருக்கக் கூடாது என்றார்.

அண்ணன் செருப்புகூடப் போடாமல் மருந்துக் கடைக்கு ஓடினார். அவர் வந்தபோது அண்ணி சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். வேற யாரையாவது கூப்பிடு, என் கை வேணாம் என்றாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக உச்சாணி அந்தக் கையைப் பிடித்தாள்.

"நேத்து நான் பேசினது வாய்க்கொழுப்பு அண்ணி. மன்னிச்சுடுங்க. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தா இது நடந்திருக்காது. பத்து நாளா உங்க கைதான். இன்னைக்கும் உங்க கைதான்."

அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி."

"தண்ணி."

"பொடியில கலந்தாச்சு. தெளிவா இருக்கு."

"தெளிவா இருக்கு."

அண்ணன் கடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏழு என்றார். ஊசி இறங்கியது. அந்த ஒரு தடவை மட்டும் அவளுக்கு வலிக்கவே இல்லை.

சனிக்கிழமை ராத்திரி ஏழுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு மாடியில் மட்டும் விளக்கு எரிந்தது. டாக்டர், மயக்க மருந்து டாக்டர், இரண்டு நர்ஸுகள், ஆய்வகத்துக்காரர், ஐந்து பேரும் வந்து நின்றார்கள். கண் விழித்தபோது உச்சாணி அண்ணியைத் தேடினாள். எத்தனை என்று கேட்கப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆய்வகத்துக்காரர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தார். பதினான்கு எடுத்தோம், அதில் பதினொன்று நன்றாக முற்றியவை, பதினொன்றையும் உறைய வைத்தாயிற்று என்றார்.

அண்ணி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள். அதற்கும் சொன்னார், நல்ல மனிதர். பிறகு அண்ணி அந்த வழவழத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக, கட்டில் ஓரத்தில் நீட்டியிருந்த உச்சாணியின் காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் தாழ்வாரத்தில் துறைமுகத்துக்கு ஃபோன் போட்டு, பதினொண்ணுடா என்று கத்தினார். சத்தம் போடக் கூடாது என்று சொல்ல வந்த நர்ஸ் சொல்லாமலே திரும்பிப் போனாள்.

திங்கட்கிழமை காலை கீமோ அறையில் உச்சாணி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததால் அண்ணி அதில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். மருந்துப் பையை மாட்ட வந்த இளம் நர்ஸ் சீட்டைப் புரட்டிவிட்டு, முதல் தடவையா, பயமா இருக்கா என்று கனிவாகக் கேட்டாள்.

"இருக்குதான்" என்றாள் உச்சாணி. "ஆனா பதினோரு பேரை விட்டுட்டு வந்திருக்கேன். சீக்கிரம் ஆரம்பிங்க."