நோரா டீச்சர் வைத்த பந்தி

எல்லாரும் சொகமா இருக்கீங்களா கண்ணுகளா? சளி, காய்ச்சல் ஒண்ணுமில்லையே? இங்க மழை விட்டு விட்டுப் பேயுது. தலையைத் துவட்டிப்போட்டு உக்காருங்க, எங்க துடியலூர்ல நடந்த கூத்தைச் சொல்றேன்.

எங்கள் மாடி வீட்டில் நோரா என்று ஒரு பெண் குடியிருக்கிறாள். அயர்லாந்துக்காரி, இருபத்துநாலு வயசு. ராசப்பன் புதுசாகத் திறந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டருக்கு டீச்சராக வந்தவள். டீச்சர் வேலையும் புதுசு, ஊரும் புதுசு. முதல் வாரம் முழுக்க பேக்கரி பப்ஸைத் தின்றே உயிர் வாழ்ந்தாள். தமிழ் நாலு வார்த்தைதான் வரும். மீதியை அவளுடைய செல்போன் மொழிபெயர்த்துச் சொல்லும்.

ஒரு மாசம் ஆகியும் வகுப்பில் சேர்ந்தது மூன்றே பேர். ராசப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பு ஒன்று நடக்கும், அன்றைக்கு இருபது பேராவது சேர வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன் என்று. நோரா என் சமையலறைக்கு வந்து செல்போனை நீட்டினாள். அது செய்தி வாசிக்கிற குரலில், "அம்மையீர், எனது நிலை மிகவும் கவலைக்கிடமாக உள்ளது" என்றது.

"அய்யோ! ஆஸ்பத்திரிக்குப் போலாமா அம்மணி?" என்று நான் அடுப்பை அணைத்துவிட்டேன். அப்புறம்தான் விஷயம் விளங்கியது.

நோரா தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இலவச வகுப்புக்கு நோட்டீஸ் போட்டாள். எல்லாரும் கும்பிடுகிற பொம்மையைத் திருப்பி அனுப்பினார்கள். கும்புட்டா வருவாங்கன்னு அர்த்தமுங்களா? அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பழனாத்தாள் பேரனுடைய காதுகுத்துக்கு என்னை அழைக்க வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், கல்கண்டு.

"ஏனுங்க அக்கா, போன்ல சொன்னா மரியாதைங்களா? குடும்பத்தோட வந்துபோடோணும்" என்று என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். நோரா வாசற்படியில் நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் மூன்று நாள் சாயங்காலம் அவளை வீட்டில் காணோம். நடைப்பயிற்சி போகிறாளாக்கும் என்று நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்காலியையாவது நிரப்புவோம் என்று பத்து மணிக்கு சென்டருக்குப் போனேன். படிக்கட்டெல்லாம் செருப்பு. உள்ளே பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, குழந்தை குட்டிகள் என்று எண்பது பேர். மூன்றாவது வீட்டு அப்புசாமி, கலர்த்தாள் சுற்றிய டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இந்தப் புண்ணியவதி தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள்! பழனாத்தாள் சொன்னதை அப்படியே சொல்லி அழைத்திருக்கிறாள்.

"என்ன விசேசமுங்க?" என்று அப்புசாமியிடம் கேட்டேன்.

"யாரு கண்டா? தட்டு வெச்சுக் கூப்பிட்டுப்போட்டாங்க, வராம இருக்க முடியுமுங்களா? அது கெடக்குது, பந்தி எப்பங்க? காலைல வெறும் வயித்தோட வந்தேன்."

நோரா போர்டில் என்னென்னமோ எழுதினாள். ஒருத்தர் கண்ணும் போர்டில் இல்லை. எந்தக் கதவு வழியாகச் சாப்பாடு வரும் என்றே தேடின. தட்டு வைத்து அழைத்துவிட்டுப் பட்டினியாக அனுப்பினால், அப்புறம் அந்தப் படியை யார் மிதிப்பார்கள்? நான் கீழே மெஸ் நடத்தும் சஹீரிடம் ஓடினேன்.

"எம்பது பேருக்கு என்ன இருக்குது சஹீரு?"

"மத்தியானத்துக்கு வெச்ச தக்காளி சோறும் தயிர் சோறும் இருக்குதுங்கம்மா. தூக்கிட்டுப் போங்க, நான் வேற ஒலை வெச்சுக்கறேன்."

தரையில் இலை விரித்தோம். நோராவே வாளியும் கரண்டியும் எடுத்துப் பரிமாறினாள். அங்கேதான் வந்தது வினை. அப்புசாமி நம்ம வழக்கப்படி இலையைக் கையால் மறைத்து, "போதுமுங்க, போதுமுங்க" என்றார். அவளும் சரியென்று அடுத்த இலைக்குப் போய்விட்டாள். வரிசையாக எல்லாரும் மரியாதைக்குப் 'போதும்' என்றார்கள். எல்லாருக்கும் ஒரே கரண்டியோடு நின்றது.

"மூணு தடவை வற்புறுத்தோணும் அம்மணி" என்று நான் சைகை காட்டினேன். நோரா வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போர்டுக்குப் போனாள். ஒட்டிய வயிறு ஒன்று வரைந்து, "யெஸ், ப்ளீஸ்" என்றாள். உப்பிய வயிறு ஒன்று வரைந்து, "நோ, தேங்க் யூ" என்றாள். சரியாகச் சொன்னால்தான் சோறு. பந்தி முழுக்க ஒரே இரைச்சல். அப்புசாமி நாலு தடவை யெஸ் ப்ளீஸ் சொன்னார். கடைசியில் எண்பது வயிறும் உப்பி, எல்லாரும் நோ தேங்க் யூவில் நின்றார்கள்.

அப்போதுதான் ராசப்பன் கையில் விண்ணப்பக் கட்டோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "எல்லாரும் கிளாஸ்ல சேந்துக்கறீங்களாங்க?"

எண்பது பேரும் ஒரே குரலில், "நோ, தேங்க் யூ!"

சொல்லிவிட்டுத் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொண்டார்கள். நோரா முகம் வெளுத்துவிட்டது.

"டிக்கெட் போட வேண்டியதுதான்" என்று ராசப்பன் கட்டை மடக்கினார்.

பழனாத்தாள் ஈரக்கையோடு எழுந்து வந்தாள். "இருங்க தம்பி. சோத்துக்கு வேண்டாம்னு சொல்ல வந்துருச்சு. ஆனா என்ற சம்பந்தியம்மா மாசத்துல பாதி நாள் எங்கூட்டுல டேரா போடறாங்களே, அதுக்கு இது பத்தாது. மனசு நோகாம 'வராதீங்க'ன்னு சொல்லோணும். அது எத்தனாவது பாடம் அம்மணி?"

செல்போன் அதை நோராவுக்குச் சொல்லி முடித்தது. அவள் கொஞ்சம் யோசித்து, தமிழிலேயே, "நாளைக்கு" என்றாள்.

"அப்ப ஒரு பாரத்தைக் குடுங்க."

"எனக்கொண்ணு" என்று அப்புசாமி வந்தார். "மச்சினன் வாராவாரம் வண்டியை எரவல் கேக்கறானுங்க. இதுவரைக்கும் ஒருக்கா கூட முடியாதுன்னு சொன்னதில்லை."

அவருக்குப் பின்னால் வரிசை படிக்கட்டு வரைக்கும் போனது. யார் யாருக்கோ யார் யாரிடமோ முடியாது என்று சொல்ல வேண்டியது இருந்திருக்கிறது! இருபத்தேழு பேர் சேர்ந்தார்கள். கடைசிப் பாரத்தில் ராசப்பன் தன் பேரையே எழுதினார். "எனக்கும் மச்சினன் இருக்கறானுங்க" என்றார். டிக்கெட் பேச்சு அதோடு போச்சு.

மரியாதைக்குப் போதும்னு சொல்லி, நெசமாவே அரை வயித்தோட எந்திரிச்சு வந்தவங்க உங்கள்ல யாராச்சும் இருந்தா, எந்த ஊட்டு விருந்து, எலையில என்ன இருந்துதுன்னு ஒண்ணு விடாம எழுதிப் போடுங்க கண்ணுகளா. நோராகிட்ட படிச்சுக் காட்டோணும்.