பச்சை வாக்கியங்கள்

அலாரம் அடிக்கிறது. அணைக்கிறேன். குளிக்கிறேன். பால் காய்ச்சி, காப்பி கலந்து, நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். நேற்றுப் போட்ட சட்டையை முகர்ந்து பார்க்கிறேன். பரவாயில்லை என்றால் அதே சட்டை. மனைவி போன பிறகு பரவாயில்லை என்பதன் அளவுகோல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

இன்று அலுவலகம் இல்லை. அத்தையோடு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அத்தை என்றால் மாமியார்.

என் மனைவி தற்கொலை செய்துகொண்டாள். அப்படிப்பட்ட சாவுகளை முன்கூட்டியே தடுக்க வழி தேடும் ஆராய்ச்சிக் குழு ஒன்று, அவள் எனக்கு அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்டது. கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அத்தையும் தான் அவளுக்கு அனுப்பியவற்றைக் கொடுத்தார். "அவ ஏதாவது சொல்லியிருப்பா மாப்ள. உங்க காதுல விழுந்திருக்காது." இது அத்தையின் கட்சி. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இன்று தீர்ப்பு.

குழுவில் மூன்று பேர்: மனநல டாக்டரம்மா, மொழியியல் பேராசிரியர், கம்ப்யூட்டர்காரர். ஒருவர் பேசுவது மற்ற இருவருக்கும் புரியாது. அதற்குக் கூட்டாய்வு என்று பெயர். அறையில் ஏசி மட்டும் எல்லாரையும் சமமாக நடத்தியது.

சாவுப் பேச்சு வந்தால் வாக்கியம் சிவப்பாகும், இல்லையென்றால் பச்சை என்று விளக்கிவிட்டு, கம்ப்யூட்டர்காரர் ஒரு பொத்தானைத் தட்டினார். திரை முழுக்கச் சிவப்பு.

அத்தை நெஞ்சில் கை வைத்தார். "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?"

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "அம்மா, இது உங்க குரல்."

ஒலிபெருக்கியில் அத்தை முழங்கினார். "மாடி ஏறி ஏறியே சாகறேன்டி." "உங்கப்பா என்னைக் கொல்றாரு." "செத்தாதான் எனக்கு இந்த வீட்ல ரெஸ்டு."

"எங்க கணக்குப்படி நீங்க ரொம்ப ஆபத்தான கட்டத்துல இருக்கீங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"நானா? எனக்கு மூட்டு வலிதான் தம்பி."

பேராசிரியர் நாற்காலியை முன்னே இழுத்தார். "இதைத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நம்ம ஆளுங்க பசிச்சாலும் செத்தேம்பாங்க, சிரிச்சாலும் செத்தேம்பாங்க. இதை வெளிய விட்டா ஊரையே ஆஸ்பத்திரில சேக்கணும்."

"அதுக்குத்தானே சார் உங்களைச் சேத்தோம்?" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"சேத்தீங்க. பேச விட்டீங்களா?"

"ரெண்டு பேரும் வெளிய போய் அடிச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா. "முதல்ல அவங்க பொண்ணோடதைப் போடுங்க."

போட்டார். பச்சை. கீழே இறக்க இறக்கப் பச்சை. புல்வெளி மாதிரி.

"மேனேஜர் பல்லுல கீரை. மீட்டிங் முழுக்க யாரும் சொல்லல. நானும் சொல்லல." அவள் குரல். பின்னால் அவள் சிரிப்பு. பேராசிரியர் பக்கென்று சிரித்துவிட்டு, வாயைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை.

அத்தை திரையையே பார்த்தார். "அப்ப இவர் காதுல விழறதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இதுல இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "சில பேர் வெளிய சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க. நேரா, 'சாகணும்னு தோணுதா'ன்னு கேட்டா சொல்லிடறவங்க உண்டு. ஆனா யாரைக் கேக்கணும்னு தெரியணுமே. அது எங்களுக்கே இன்னும் பிடிபடல."

தீர்ப்பு அவ்வளவுதான். நான் தப்பித்தேனா என்று தெரியவில்லை. அத்தை என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"மாப்ள, அன்னிக்குக் காலைல? நேர்ல பேசினது இதுல இருக்காதே. என்ன சொன்னா?"

போலீஸ் கேட்டது. சொந்தக்காரர்கள் கேட்டார்கள். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொரு அர்த்தம் பிடித்துக்கொண்டு போவார்கள். எனக்கு மிச்சம் இருக்காது.

கம்ப்யூட்டர்காரரின் விரல்கள் தானாக விசைப்பலகைக்குப் போயின. "கையை எடுய்யா" என்றார் பேராசிரியர். எடுத்தார்.

"கட்டாயமில்ல" என்றார் டாக்டரம்மா.

இப்போது அத்தை முகத்தில் வழக்கு இல்லை. பெண்ணைப் பற்றி இன்னும் ஒரே ஒரு வரி கிடைக்காதா என்ற ஆசை மட்டும்தான். அதில் எங்கள் இருவருக்கும் சம பங்கு.

நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள் என்றேன். பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே சொன்னேன்.

"குடையை எடுத்துக்கோடா. தொப்பலா நனைஞ்சு வந்து என் உயிரை வாங்காத."