கரும்பலகையில் என் மகன் பெயர்

முப்பத்தோரு வருடம் பேட்டரித் தொழிற்சாலையில் ஈயம் உருக்கி, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவன் நான். அங்கே கை கழுவும் குழாய்களுக்கு மேலே ஒரு கரும்பலகை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். ஈயம் கூடுதலாக இருப்பவர்கள் சரியாகக் கை கழுவாமல் சாப்பிடுகிறவர்கள் என்று கணக்கு; அவர்கள் பெயர் ‘சுத்தம் பேணாதவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஏறும். நான்கு முறை ஏறினால் வேலை போய்விடும். அந்த வழக்கத்தைத் தொடங்கியவன் நான்தான்.

இப்போது அதே உலையில் நிற்பவன் என் மகன். அவன் பெயர் மூன்றாம் முறை ஏறிய அன்று வாசலிலேயே நிறுத்தினேன்.

“கை கழுவத் தெரியாதாடா? என் மானத்த வாங்கறியே!”

“தோல் உரியற மாதிரி தேய்க்கறேன்பா. வேணும்னா நீங்களே வந்து குளிப்பாட்டி விடுங்க.”

நகங்களைப் பார்த்தேன். குறை சொல்ல இடமில்லை. மறுநாளே அவனை அழைத்துக்கொண்டு ஆலை மருத்துவரிடம் போனேன். அந்த அம்மா எங்கள் இருவர் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஐயா, ஒரே புகையில நின்னாலும் எல்லா உடம்பும் ஒரே மாதிரி இருக்காது. சிலருக்குப் பிறவியிலேயே ஈயம் ரத்தத்துல அதிகமா தங்கும். உங்க பையனுக்கு அந்த வாகு. உங்களுக்கு இல்ல.”

“அப்போ அவங்க அம்மா வழி. என் வம்சத்துல குறை இல்ல.”

“இது குறையே இல்லங்க. புகைதான் குறை.”

மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு நேரே மேனேஜர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பரம்பரை விஷயம் வெளிய தெரிஞ்சா பொண்ணு குடுக்க யோசிப்பாங்க. பேர அழிச்சிடறேன். அவன் தானா வேலைய விட்டுடட்டும்.”

“அழுக்கன்னு பேர் வாங்கறதவிட எங்க ரத்தம் இப்படித்தான்னு ஊருக்கே தெரியட்டும் சார். சம்பளம் குறையாம அவன ஈயப் புகை இல்லாத, பேட்டரிக்கு மூடி ஒட்டற பிரிவுக்கு மாத்துங்க. உலைக்கு மேல புகை இழுக்கற விசிறி ரெண்டுல ஒண்ணு ஓடல. மருத்துவர் அம்மா கடுதாசியும் என் கையில இருக்கு. எங்க போய்க் குடுக்கணும்னு தெரியும்.”

“பலகைய வச்சதே நீங்கதானே பெரியவரே?”

“ஆமா. தப்பு பண்ணினவன் கேக்கறேன், மாத்துங்க.”

மாற்றல் உத்தரவு வாங்கிய பிறகுதான் எழுந்தேன். ஷிப்ட் முடிந்து ஐம்பது பேர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கத் தலைப்போடு பலகை முழுவதையும் துடைத்தேன்.

“இது நான் எழுதினது. தப்பு. என் மகன் சுத்தமானவன். இதுல பேர் ஏறின எல்லாரும் அப்படித்தான்.”

“பதினோரு வருஷம் முன்னாடி என் பேரயும் இப்படித் துடைச்சிருக்கலாம் மேஸ்திரி!” என்றார் ஒரு நரைத்த தலைக்காரர். சிலர் சிரித்தார்கள்.

அவர் முகத்தைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டேன்.